இலண்டன் வாத்தியக்காரரின் வாழ்வு

மேல்நாட்டுச் சங்கீத மண்டபம் ஒன்றின் மேடையைப் படத்திலேனும் பார்த்திராத நேயர்கள் இன்று அரியர். எண்பது தொண்ணூறு பேர் அரைவட்டமாக அமர்ந்திருப்பர். பெரும்பாலும் எல்லோரும் கறுப்பு உடையே அணிந்திருப்பர். வயலின் வாசிப்போரின் வில்கள் யாவும் ஒருங்கே எழும், ஒருங்கே தாழும். நடுவிலே சிறு பீடத்தின் மீது நின்று, கையிலுள்ள கோலை அசைத்து ஒருவர் அவர்களை நடத்துவார். இக்காட்சியைக் காண்பவர், இவர்கள் யாவரும் ஆண்டாண்டாக ஒன்றாகவே இருந்து பழகியவர்கள், மாத முடிவில் ஒரே சம்பளப் பட்டியலிற் கையொப்பமிடுபவர்கள் என்றே எண்ணுவர். இலண்டன் மாநகரைப் பொறுத்தவரையில் அவ்வெண்ணம் பெரும்பாலும் பிழையாகும். பின்வரிசையில் வயலினுடன் அமர்ந்திருக்கும் இளைஞர் முதல்நாள் மாலையிலேதான் தொலைபேசியில் அழைக்கப்பட்டிருக்கலாம். தம் பக்கத்தில் இருப்பவரின் பெயர்கூட அவருக்குத் தெரியாதிருக்கலாம். மறுநாள் அவர் வேறொரு குழுவில் வாசிப்பார். அதற்கு மறுநாள் ஒரு நாடகக் கொட்டகையில் வாசிப்பார். அதற்கும் அடுத்த நாள் எவரும் அழையாமையால் வீட்டிலே இருப்பார்.

இவ்வாறு எந்தக் குழுவிலும் நிலையான பதவி வகியாது, அழைத்தவரிடம் சென்று வாசித்து, வாசித்த வேளைக்கு மாத்திரம் கூலி பெறுபவரை ஆங்கிலத்திலே ‘ஃப்ரீலான்ஸ்’ என்பர். சொல்லை நேரே பெயர்த்தால் ‘கட்டற்ற வேல்’ என்று பொருள்படும். சேர் வால்டர் ஸ்கொட் 1819ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்ட ‘ஐவன்ஹோ’ என்னும் நவீனத்திலே, ஒரு மன்னனுக்கும் குடியாகாது பொருள் தருபவனுக்காகப் போர்புரியும் கூலி வீரரைக் குறிக்க இச்சொல்லை ஆண்டார். வேல் இருந்த கையில் இப்போது வயலின் இருக்கிறது. மற்றப்படி நிலைமை அவ்வளவாக மாறவில்லை. நமது நாட்டு நாதஸ்வர, தவில் வித்துவான்களின் வாழ்வை அறிந்தவர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. கோயில் திருவிழாக்கள் நெருங்கி வரும் மாதங்களில் ஒரே நாளில் இரண்டு ஊர்க்காரர் வாசலில் வந்து நிற்பர். திருவிழாவும் கலியாணமும் இல்லாத மாதங்களில் அந்த வாசலுக்கு வருவார் இலர்.

இலண்டனிலே பெரிய சிம்பனிக் குழுக்கள் ஐந்து உள. அவற்றுள் பீ.பீ.சி. சிம்பனிக் குழு தன் கலைஞருக்கு மாதச் சம்பளம் கொடுக்கிறது. இலண்டன் சிம்பனிக் குழு, இலண்டன் பில்ஹார்மோனிக் குழு, பில்ஹார்மோனியா, றோயல் பில்ஹார்மோனிக் குழு என்னும் ஏனைய நான்கும் வாசிப்போர் தாமே கூடி நிர்வகிக்கும் அமைப்புக்களாகவே வளர்ந்தவை. அவற்றில் உறுப்புரிமை பெற்றவர்க்கும் பொதுவாக மாதச் சம்பளம் இல்லை. வாசித்தால் கூலி, வாசியாவிட்டால் இல்லை. ஜேர்மனியிலே நிலைமை வேறு. அங்கே அரசோ நகரசபையோ ஆதரிக்கும் குழுக்கள் நூற்றுக்கு மேல் உள்ளன. ஒருமுறை இடம் பெற்றுத் தவணைக் காலத்தையும் தாண்டிவிட்டவர் ஓய்வுபெறும் வயது வரை உத்தியோகத்தர் போலவே இருந்துவிடலாம். இங்கிலாந்திலும் மான்செஸ்டர், பேர்மிங்ஹாம் முதலிய நகரங்களின் குழுக்கள் சம்பளம் அளிப்பவையே. இலண்டன் மாத்திரம் இவ்வாறு இருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இலண்டனில் வாத்தியக்காரர் பலர் இருந்தனர். ஆனால் அவர்களை ஆண்டு முழுவதும் வைத்துக் காப்பாற்றும் அரண்மனையோ நகரசபையோ இருக்கவில்லை. இசைநாடகம், சங்கீதக் கச்சேரி, மாகாண விழா, கடற்கரை விடுதி, பிரபுக்களின் விருந்து என்று கிடைத்ததையெல்லாம் அவர்கள் கோத்துக்கொண்டு பிழைத்தனர். இதனால் ‘பதிலாள்’ முறை ஒன்று வேரூன்றியது. ஒருவர் ஒரு கச்சேரிக்கு ஒப்புக்கொள்வார். பின்னர் அதே நாளுக்கு அதிகக் கூலியுடன் வேறோர் அழைப்பு வரும். அவர் அங்கே போய்விட்டு இங்கே தமக்குப் பதிலாக ஒருவரை அனுப்புவார். அந்தப் பதிலாளுக்கும் நல்ல அழைப்பு வந்தால் அவரும் இன்னொருவரை அனுப்புவார். முதல் ஒத்திகையில் ஒருவர், இரண்டாம் ஒத்திகையில் மற்றொருவர், கச்சேரியன்று எந்த ஒத்திகையையுமே காணாத மூன்றாமவர். இத்தகைய குழுவை வைத்துக்கொண்டு ஒருவர் பீத்தோவனின் சிம்பனியைச் செம்மையாக நடத்துவது எங்ஙனம்?

குயீன்ஸ் மண்டபத்தில் 1895 முதல் ‘புறொமனேட்’ கச்சேரிகளை நடத்திவந்த ஹென்றி வூட் 1904ஆம் ஆண்டிலே இதற்கு முடிவு கட்ட விரும்பினார். மண்டபத்தின் முகாமையாளர் ஒத்திகை மேடைக்கே வந்து, இனிமேற் பதிலாள் அனுப்புதல் கூடாது என்று அறிவித்தார். அறிவிப்பு ஒரு வாக்கியந்தான். அது நாற்பது பேரளவில் வெளியேறுவதற்குப் போதுமாயிற்று. வட இங்கிலாந்துச் சங்கீத விழா ஒன்றுக்குப் புகைவண்டியிற் சென்றுகொண்டிருந்த நால்வர், மூவர் ஹோர்ன் வாசிப்போர், ஒருவர் ட்ரம்பெட் வாசிப்பவர், நாமே ஒரு குழுவை அமைத்தால் என்ன என்று பேசிக்கொண்டனர். அப்பேச்சிலிருந்து பிறந்ததே இலண்டன் சிம்பனிக் குழு. அதன் முதற் கச்சேரி 1904 ஜூன் 9ஆம் திகதி, அவர்கள் விட்டு வெளியேறிய அதே குயீன்ஸ் மண்டபத்தில், ஹான்ஸ் ரிக்டரின் தலைமையில் நடைபெற்றது. ஹென்றி வூட் அவையில் இருந்து அதனைக் கேட்டார் என்பது அவருடைய பெருந்தன்மைக்குச் சான்று. (இக்குழு 1912இல் அமெரிக்கா சென்றபோது முதலில் டைட்டானிக் கப்பலிலேயே இடம் பதிவு செய்யப்பட்டிருந்தது. நிகழ்ச்சி நாட்கள் மாறியமையால் வேறு கப்பலிற் சென்றனர். இல்லாவிடின் இலண்டனின் சங்கீத வரலாறு வேறுவிதமாக எழுதப்பட்டிருக்கும்.)

இந்தப் பிணக்கிலே எவர் பக்கம் நியாயம்? சங்கீதத்தை மாத்திரம் நோக்கினால் வூட் சொன்னதே சரி. ஆனால் ஆண்டு முழுவதற்கும் சோறு போடாத ஒருவர், ஆண்டு முழுவதும் விசுவாசத்தை எதிர்பார்த்தல் ஆகுமா? கலைக்கும் வயிற்றுக்கும் இடையேயுள்ள இவ்வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

இனி, இத்தொழிலில் ஓர் இளைஞர் புகுவது எவ்வாறு என்று பார்ப்போம். ஏழெட்டு வயதில் வாத்தியத்தைக் கையில் எடுத்து, இருபத்திரண்டு வயதளவில், 1822இல் நிறுவப்பட்ட றோயல் அக்கடமியிலோ 1883இற் திறக்கப்பட்ட றோயல் கல்லூரியிலோ பயிற்சியை முடித்து வெளியே வருகிறார் என்று கொள்வோம். பட்டம் கையில் இருக்கிறது. ஆனால் அதை எவரும் கேட்பதில்லை. அவருடைய ஆசிரியர் பெரும்பாலும் ஏதாவதொரு குழுவில் வாசிப்பவராயிருப்பார். அக்குழுவில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால், “என் மாணாக்கன் ஒருவன் இருக்கிறான்” என்று அவர் ஒரு சொல் சொல்வார். அந்த ஒரு சொல்லே முதல் வாயில்.

வாத்தியக்காரரை வேண்டியபோது வேண்டிய தொகையிற் திரட்டித் தருவதையே தொழிலாகக் கொண்டவர் சிலர் உளர். அவர்களை ‘ஃபிக்ஸர்’ என்பர். ஒரு திரைப்படத்துக்கு நாற்பது வயலினும் எட்டு ஹோர்னும் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வேண்டும் என்றால், அவர் தம் பட்டியலை எடுத்து வரிசையாக அழைப்பார். பட்டியலின் தலையிலிருந்து தொடங்குவார். அடியில் இருப்பவர்க்கு அழைப்பு எட்டுவது மேலேயுள்ளவர்க்கு வேலை இருக்கும்போதுதான். முன்னாளிலே தொலைபேசி ஒலிக்கும்போது வீட்டில் இல்லாமற் போனால் வாய்ப்புப் போயிற்று. இக்காலத்திற் கைத்தொலைபேசியில் வந்த செய்திக்கு ஐந்து நிமிடத்தில் மறுமொழி அனுப்பாவிட்டாலும் போயிற்று.

முதன்முறை சென்று பின்வரிசையில் அமரும் இளைஞரை நடத்துநர் கவனிப்பதே இல்லை. பக்கத்தில் இருப்பவரே கவனிக்கிறார். நேரத்துக்கு முன்னரே வந்தாரா, கையிற் பென்சில் கொண்டுவந்தாரா, சுருதி கூட்டும்போது ஆரவாரம் செய்யாதிருந்தாரா, முன்வரிசையின் வில்லோடு தம் வில்லை இணைத்தாரா என்பனவற்றையெல்லாம் அவர் பார்க்கிறார். பென்சில் அற்பப் பொருளன்று. வில்லை எப்போது மேலே தள்ளுவது, எங்கே நிறுத்துவது என்று முன்னால் இருப்பவர் சொல்லும் கணத்திலேயே சுரத்தாளிற் குறித்துக்கொள்ளாதவர் அன்று மாலை அகப்பட்டுக்கொள்வார். எல்லாவற்றிலும் பெரிய குற்றம், அனைவரும் மௌனமாயிருக்க வேண்டிய இடத்தில் ஒருவர் தனியே ஒலித்துவிடுவது. அதை ஒருமுறை செய்தவர் பல ஆண்டுகள் அதன் பெயராலேயே நினைவுகூரப்படுவார். தனியே நின்று கடினமான இசையை வாசித்துப் பரிசு பெற்றவர் பலர் இவ்விடத்தில் தோற்றுப்போவதும் உண்டு. பதினாறு வயலின்களுள் ஒன்றாக, எவர் காதிலும் தனியே விழாமல், ஆயினும் முழு உள்ளத்தோடு வாசிப்பது வேறொரு கலை. பாராட்டு வேண்டி வளர்ந்த பிள்ளைக்கு அது எளிதில் வருவதன்று.

குழுவொன்றில் நிலையான இடம் காலியாகும்போது பரீட்சை வைக்கிறார்கள். அதிலே தேறியவர்க்கும் உடனே இடம் கிடைப்பதில்லை. பலரைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொருவரையும் சில வாரம் சில வாரமாக அழைத்து வாசிக்கச் செய்து பார்ப்பர். ஒரே நாற்காலிக்கு நால்வர் ஐவர் மாறி மாறி வந்து அமர்வர். மாதக்கணக்காக, சிலவேளை ஓராண்டுக்கு மேலாகவும் இச்சோதனை நீளும். இக்காலமெல்லாம் அவர் சோதனையில் இருக்கிறார் என்பது எல்லோர்க்கும் தெரியும்; எவரும் அதைப்பற்றிப் பேசார். தகுதியில்லை என்று எவரும் சொல்வதுமில்லை. அழைப்புகள் குறையும், பின்னர் நின்றுவிடும். என்ன பிழை செய்தார் என்று அறியமாட்டார். பாடசாலைப் பரீட்சையிற் தவறிய மாணாக்கனுக்குப் புள்ளிகளாவது தெரியும். இத்தொழிலின் கொடுமைகளுள் இந்த மௌனமே தலையாயது என்று சொல்லலாம்.

நாடகக் கொட்டகையிற் புகும் வழி வேறு. இலண்டனின் மேற்குப் பகுதியிலே இசைநாடகங்கள் ஆண்டுக்கணக்காக, வாரம் எட்டுக் காட்சிகள் நடைபெறுகின்றன. அங்கே நாற்காலிக்கு உரியவர் குறிப்பிட்ட அளவுக்குப் பதிலாள் அனுப்பலாம். 1904இல் விரட்டப்பட்ட முறை இங்கே சட்டதிட்டங்களோடு வாழ்கிறது. பதிலாளாக வர விரும்புபவர் முதலில் ஒருநாள் மேடைக்கு முன்னுள்ள பள்ளத்தில் இறங்கி, நாற்காலிக்கு உரியவரின் அருகில் அமர்ந்து, சுரத்தாளையும் நடத்துநரின் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார். அடுத்த முறை அவரே வாசிக்க வேண்டும். ஒத்திகை கிடையாது. கட்டணம் கொடுத்து மேலே இருப்பவர்க்கு அன்று ஆள் மாறியது தெரியவே கூடாது. தம்மைவிட மட்டமானவரை அனுப்பினால் நாற்காலிக்காரருக்கு அவப்பெயர். தம்மைவிடச் சிறந்தவரை அனுப்பினாலோ ஒட்டகத்துக்கு இடங்கொடுத்த கதைதான்.

பிரித்தானிய வாத்தியக்காரர் முன்பின் கண்டிராத சுரத்தாளைக் கண்டவுடன் பிழையின்றி வாசிப்பதில் உலகப் புகழ் பெற்றவர்கள். இப்புகழுக்குக் காரணம் இயற்கையறிவு என்று கருதற்க. ஒத்திகைக்குப் பணம் வேண்டும்; பணம் இல்லை; ஆதலாற் பல கச்சேரிகளுக்கு அன்று காலையோ பிற்பகலோ மூன்று மணி நேர ஒத்திகை ஒன்றே கிடைக்கிறது. வறுமை கற்பித்த வித்தை என்க. ஒலிப்பதிவுக்கூடங்களில் அதுவும் இல்லை. அபே றோட்டிலே 1931 நவம்பரில் எல்கார் தாமே இலண்டன் சிம்பனிக் குழுவை நடத்தித் தொடங்கிவைத்த கூடத்திலும், அதைப்போன்ற ஏனையவற்றிலும், ஓர் அமர்வு பொதுவாக மூன்று மணி நேரம். வந்து அமர்ந்த பின்னரே மேசையிலுள்ள இசை இன்னதென்று தெரியும். ஒருமுறை வாசித்துப் பார்ப்பர். சிவப்பு விளக்கு எரியும். அடுத்த முறை வாசிப்பது உலகம் முழுவதும் கேட்கப்போவது. ‘ஸ்டார் வோர்ஸ்’ திரைப்படத்தின் இசையை 1977இல் இலண்டன் சிம்பனிக் குழு பதிவு செய்தது. அதன் பின்னர் ஹொலிவூட் தயாரிப்பாளர் பலர் இலண்டனை நாடி வந்தமைக்கு இத்திறமையும் ஒரு காரணம்.

காலையில் ஒலிப்பதிவு, பிற்பகல் ஒத்திகை, மாலையிற் கச்சேரி என்று மூன்றும் ஒரே நாளில் அமைந்தால் அது நல்ல நாள். அத்தகைய நாட்கள் அடுத்தடுத்து வந்தாலும் மறுக்க மனம் வராது. இன்று மறுத்தவரை நாளை அழைப்பார்களோ என்ற அச்சம் எப்போதும் உண்டு. மறுத்த வேலைக்கு வேறொருவர் போவார். அவர் நன்றாக வாசித்தால் பட்டியலில் அவர் பெயர் மேலே ஏறும். எனவே காய்ச்சலோடும் போவர். பிள்ளையின் பிறந்தநாளன்றும் போவர். நள்ளிரவில் நானூறு மைல் மோட்டார் வண்டி செலுத்தியும் போவர்.

டெனிஸ் பிறெயினின் கதையை இங்கே சொல்லாதிருத்தல் இயலாது. பாட்டனார், தந்தையார் இருவரும் ஹோர்ன் வாசித்த குடும்பத்திலே 1921இற் பிறந்தவர் அவர். தந்தையார் ஓப்ரி பிறெயின், 1904இற் புகைவண்டியிற் பேசிக்கொண்ட நால்வருள் ஒருவரான போர்ஸ்டோர்வ் என்பவரின் மாணாக்கர், பீ.பீ.சி. குழுவின் முதல்வர்களுள் ஒருவர். மேல்நாட்டு வாத்தியங்களுள் ஹோர்ன் மிகவும் நம்பிக்கைத் துரோகமானது. அதன் குழாய் நீளமானது. உதடு மயிரிழை பிசகினாலும் வேறொரு சுரம் வெளிப்பட்டுவிடும். அவ்வாத்தியத்தை டெனிஸ் விளையாட்டுப் போல வாசித்தார். அவருக்காகவே பெஞ்சமின் பிறிற்றன் 1943இல் ஒரு கீதமாலை இயற்றினார். 1953இல் மோட்சார்ட்டின் ஹோர்ன் இசைகளை அவர் பதிவு செய்த தட்டு இன்றும் விற்பனையாகிறது. ஒத்திகையிலே சுரத்தாளுக்குப் பதிலாக மோட்டார் வண்டிச் சஞ்சிகையை விரித்துவைத்துப் படித்துக்கொண்டே வாசிப்பார் என்று கதைகள் உண்டு. பில்ஹார்மோனியாவிலும் றோயல் பில்ஹார்மோனிக்கிலும் ஒரே காலத்திற் பல ஆண்டுகள் முதல் ஹோர்ன் வாசித்தார். இவற்றுக்கு மேலே சிறுகுழுக் கச்சேரிகள், வானொலி, ஒலிப்பதிவு, தனிக் கச்சேரி. 1957 ஓகஸ்ட் 31ஆம் திகதி எடின்பரோ விழாவிலே சைக்கோவ்ஸ்கியின் கடைசிச் சிம்பனியில் வாசித்துவிட்டு, இரவோடிரவாகத் தம் வண்டியில் இலண்டனுக்குத் திரும்பினார். வீடு நெருங்கிய வேளையில், ஹற்வீல்ட் அருகே, விடியற்காலையில் வண்டி ஒரு மரத்தில் மோதியது. அவருக்கு அப்போது வயது முப்பத்தாறு. அவர் உச்சியில் இருந்தவர். வறுமைக்கு அஞ்சி ஓடியவரல்லர். ஆனால் அவர் கைக்கொண்ட வழக்கம் அத்தொழிலுக்குப் பொதுவான வழக்கமே. கச்சேரி முடிந்து இரவு பதினொரு மணிக்கு வண்டியில் ஏறி, காலை பத்து மணி ஒலிப்பதிவுக்கு ஊர் திரும்பும் வாத்தியக்காரரை இன்றும் இங்கிலாந்தின் நெடுஞ்சாலைகளிற் காணலாம்.

தேடி வந்த வேலை ஓரிரவில் மறைந்துபோவதும் இத்தொழிலின் இயல்பு. பேசாத திரைப்படக் காலத்திலே ஒவ்வொரு கொட்டகையிலும் வாத்தியக்காரர் இருந்தனர். சிறு கொட்டகையிற் பியானோ ஒன்று, பெரியதில் இருபது முப்பது பேர். பிற்காலத்திற் புகழ்பெற்ற நடத்துநரான ஜோன் பார்பிறோலியும் இளமையிற் கொட்டகைகளிற் செலோ வாசித்தவரே. 1928இற் பேசும் படம் இலண்டனுக்கு வந்தது. சில ஆண்டுகளுக்குள் ஆயிரக்கணக்கானோர் வீதிக்கு வந்தனர். அந்த நெருக்கடியின் நடுவிலேதான், 1930 ஒக்டோபரில், பீ.பீ.சி. நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொண்ட சிம்பனிக் குழுவை ஏட்றியன் போல்ட்டின் தலைமையில் நிறுவி நிலையான சம்பளம் கொடுத்தது. ஒரு வகையான வாத்தியக்காரரின் பிழைப்பை ஒலித்தட்டும் ஒலிபெருக்கியும் பறித்தன. மற்றொரு வகையினர்க்கு வானொலி சோறு போட்டது. குழுவே மறைந்துபோவதும் உண்டு. வால்டர் லெக் என்பவர் 1945இல் நிறுவிய பில்ஹார்மோனியாவை 1964 மார்ச்சில் நிறுத்திவிடுவதாக அவரே அறிவித்தார். வாசித்தவர்கள் கலையவில்லை. ‘புதிய பில்ஹார்மோனியா’ என்று பெயர் சூட்டித் தாமே நடத்தினர். பழைய பெயரை 1977இல் மீட்டுக்கொண்டனர்.

வருமானம் எவ்வளவு என்று நேயர்கள் கேட்பார்கள். பிரித்தானிய வாத்தியக்காரர் சங்கமும் ‘ஹெல்ப் மியூசிஷியன்ஸ்’ என்னும் தரும நிலையமும் 2023இல் நடத்திய கணக்கெடுப்பின்படி, எல்லா வகைச் சங்கீதக்காரரும் சங்கீதத்தால் மாத்திரம் ஈட்டுவது சராசரியாக ஆண்டுக்கு 20,700 பவுண். இலண்டனிலே வீட்டு வாடகை கொடுப்பவர்க்கு இது போதாது. ஆகவே ஏறக்குறைய எல்லோரும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றனர். சிலர்க்கு அது பாரம். சிலர்க்கு அதுவே பெரும்பேறு. ‘கிரகங்கள்’ என்னும் இசையால் உலகப் புகழ்பெற்ற குஸ்தாவ் ஹோல்ஸ்ற் இளமையிலே ட்ரொம்போனைத் தூக்கிக்கொண்டு நாடகக் கம்பனியோடும் ஸ்கொட்லாந்துக் குழுவோடும் கடற்கரைக் குழுக்களோடும் அலைந்தவர். 1903இல் அதை விட்டுவிட்டு, 1905 முதல் இலண்டனில் ஒரு பெண்கள் பாடசாலையிற் சங்கீத ஆசிரியரானார். இறக்கும் வரை அங்கேயே இருந்தார். அந்த இசை வார நாட்களிற் கற்பித்தவர் ஓய்வு நாட்களில் எழுதியது.

வரவு இப்படியாக, செலவோ நிற்பதில்லை. நல்ல வயலின் ஒன்றின் விலை ஒரு வீட்டின் விலைக்குச் சமமாகலாம், வில்லுக்குத் தனி விலை, இரண்டுக்கும் காப்புறுதி. ஓபோ வாசிப்பவரின் துன்பம் நம் நாதஸ்வரக்காரர்க்கு உடனே விளங்கும். அதற்கும் சீவாளி உண்டு. பிரான்சின் தென்பகுதியிலே விளையும் நாணலை வாங்கி, பிளந்து, சீவி, நூலாற் கட்டி அவரே செய்துகொள்ள வேண்டும். மணிக்கணக்காகச் சீவியது சில நாட்களிற் பயனற்றுப்போகும். மழையானால் ஒரு குணம், வெயிலானால் ஒரு குணம். அந்த நேரத்துக்குக் கூலி தருபவர் எவருமில்லை.

உடலும் ஒரு கருவியே. தோள், மணிக்கட்டு, உதடு இவற்றுள் ஒன்று பழுதானாற் பிழைப்புப் போயிற்று. செவியின் கதை சொல்லத்தக்கது. கொவென்ற் கார்டன் இசைநாடக அரங்கிலே 2012இல் வாக்னரின் இசைநாடகம் ஒன்றின் ஒத்திகையின்போது, ட்ரம்பெட் வரிசைக்கு நேர் முன்னால் அமர்ந்திருந்த வியோலாக்காரர் ஒருவரின் செவி மீளாத சேதமடைந்தது. ஆறாண்டுகள் கழித்து உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2019இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதனை ஏற்றது. பேரோசை அக்கலையின் இயல்பு என்ற வாதம் நிற்கவில்லை. அவர் நிலையான ஊழியர். ஒரு வாரத்தில் நான்கு இடங்களில் வாசிப்பவரின் செவி மெல்ல மெல்லக் கெட்டால், எந்த இடத்திற் கெட்டது என்று எவ்வாறு நிறுவுவார்? ஆதலால் அவர் வாய் திறவார். காது மந்தமென்று தெரிந்தால் அழைப்பு நின்றுவிடும் அன்றோ?

இந்நிலையற்ற வாழ்வுக்கு ஏதாவது தாங்கல் வேண்டும் என்ற எண்ணம் புதியதன்று. 1738ஆம் ஆண்டிலே இலண்டன் ஹேமார்க்கட் வீதியில், ஒரு கோப்பிக் கடை வாசலில் நின்றுகொண்டிருந்த வாத்தியக்காரர் மூவர், சிறுவர் இருவர் கழுதைகளை ஓட்டிச் செல்வதைக் கண்டனர். உற்றுப் பார்த்தபோது, சிலகாலத்துக்கு முன் இறந்துபோன சிறந்த ஓபோக் கலைஞர் ஒருவரின் மக்கள் அவர்கள் என்று தெரிந்தது. அன்று அம்மூவரும் கூடிப் பேசியதன் பயனாக நலிந்த சங்கீதக்காரர்க்கும் அவர்களின் குடும்பங்களுக்குமான நிதியம் ஒன்று தோன்றியது. ஹண்டெல் அதன் முதல் உறுப்பினருள் ஒருவர். 1759இல் இறக்கும்போது அதற்கு ஆயிரம் பவுண் எழுதிவைத்தார். றோயல் சங்கீதக்காரர் சபை என்ற பெயரில் அது இன்றும் இயங்குகிறது. வாத்தியக்காரர் சங்கம் 1893இல் மான்செஸ்டரிலே தோன்றியது. ‘ஹெல்ப் மியூசிஷியன்ஸ்’ 1921இல், விபத்தில் மாண்ட பாடகர் ஒருவரின் நினைவாகத் தொடங்கப்பட்டது.

இவை யாவற்றுக்கும் 2020இல் ஒருங்கே சோதனை வந்தது. மார்ச் 16ஆம் திகதி மாலை, பெருந்தொற்றின் காரணமாக அரங்குகளுக்குச் செல்லற்க என்று பிரதமர் அறிவித்தார். அன்றிரவே கதவுகள் மூடப்பட்டன. சுயதொழிலாளர் நாட்குறிப்பில் எழுதியிருந்த ஆறு மாத வேலைகள் ஒரு வாரத்துள் அழிந்தன. மாதச் சம்பளக்காரர்க்கான உதவி நான்கு நாட்களில் அறிவிக்கப்பட்டது. சுயதொழிலாளர்க்கான உதவி பின்னர் வந்தது. பணம் கைக்கு எட்டியது மே மாதத்தில். அவர்களின் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு, மாதத்துக்கு 2,500 பவுணுக்கு மேற்படாமல் என்பது திட்டம். ஆனால் முந்திய ஆண்டிற் தொழில் தொடங்கிய இளைஞர்க்கு அது கிடையாது. வருமானத்திற் பாதிக்கு மேல் சம்பளமாகப் பெற்றவர்க்கும் கிடையாது. எதிர்காலத்துக்கு அஞ்சி ஒரு பாடசாலையில் வாரம் மூன்று நாள் சம்பளத்துக்குக் கற்பித்து, எஞ்சிய நாட்களிற் கச்சேரி செய்துவந்த எச்சரிக்கையான வாத்தியக்காரர், அந்த எச்சரிக்கையினாலேயே உதவியை இழந்தார். சட்டம் எழுதியவர் இதனை வேண்டுமென்று செய்திரார். இவ்வாறு வாழ்பவர் உண்டென்று அவருக்கு எவரும் சொல்லவில்லை போலும். சங்கம் பத்து இலட்சம் பவுண் ஒதுக்கி ஆளுக்கு 200 வீதம் கொடுத்தது. தரும நிலையம் ஐம்பது இலட்சம் ஒதுக்கி ஆளுக்கு 500 கொடுத்தது.

2021 ஜூலையில் அரங்குகள் முழு அளவிற் திறக்கப்பட்டன. இலண்டனில் 1986 முதல் நடைபெற்றுவந்த ‘ஃபாண்டம் ஒவ் தி ஒப்பரா’ என்னும் இசைநாடகமும் அம்மாதமே மீண்டும் தொடங்கியது. மூடுவதற்கு முன் அதன் பள்ளத்தில் வாசித்தவர் இருபத்தேழு பேர். திறந்தபோது பதினான்கு பேர். அவ்வாண்டு ஜனவரியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைகளும் பிரித்தானியர்க்கு முன்போல் எளிதில் திறக்கவில்லை. 180 நாட்களுள் 90 நாட்களுக்கு மேல் தங்கலாகாது என்ற விதியோடு, நாட்டுக்கு நாடு வேறுபட்ட அனுமதிப் பத்திரங்களும் வந்து சேர்ந்தன. மூடியிருந்த காலத்திற் பொதி கொண்டுசெல்லும் வண்டி ஓட்டியவர், அங்காடியில் வேலை செய்தவர் சிலர் தம் வாத்தியத்துக்குத் திரும்பினர். வேறு சிலர் திரும்பவில்லை. அவர்கள் பெயர் இருந்த வரிசையில், ஆள் திரட்டுபவரின் பட்டியலிலே, அவர்களுக்கு அடுத்திருந்தவரின் பெயர் மேலேறியது.